பதினேழாம் இலக்கப் படம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
28.10.2024

அன்புத் தங்கச்சி மாக்கிரட்டுக்கு,

ஏர்னஸ்ற் அண்ணா எழுதுவது. அருளையா போன செய்தி ஐந்து நாள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். எழுதினால் தப்பும் தவறுமாக என்றாலும் முடித்துவிடலாம் என்று இந்தத் தாளை எடுத்தேன்.

வங்காலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பிறகு அவன் பலெர்மோ, நான் கனடா. இருபது வருடம் நத்தாருக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். எங்களைத் திரும்ப ஒட்டவைத்தது பேஸ்போல் படங்கள் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அருள் பராமரித்த கிழவர் நுன்சியோ, வாலிப வயதில் நியூயோர்க்கில் ஒரு பத்திரிகையின் இருட்டறையில் படம் கழுவினவராம். பத்திரிகைக்காரர் குப்பைக்குப் போட்ட பழைய விளையாட்டுப் படங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு சிசிலிக்குத் திரும்பினார். சாகும்போது அதை அருளிடம் கொடுத்தார். நான் இங்கே ஒரு ஏலக் கடைக்குப் பழைய படங்களைச் சோதித்து, உண்மையோ போலியோ என்று சொல்பவன். "மச்சான், கிழவன் தந்த பெட்டியிலை ஏதும் கிடக்குமோ? எல்லாரும் தடியோடை நிக்கிறாங்கள்" என்று ஒரு நாள் போன் எடுத்தான். அப்படித்தான் தொடங்கியது.

கடைசியில் எங்களுக்குள் ஒரு விசயம் முடியாமல் போய்விட்டது. அதை இப்போது கதைப்பது முறையில்லை. நீங்கள் தைரியமாக இருங்கோ. எப்படிப் போனான், வருத்தப்பட்டானா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு
ஏர்னஸ்ற் அண்ணா



சேசு மரி சூசை துணை

அல்பெர்கேரியா, பலெர்மோ
17.11.2024

மதிப்புக்குரிய ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

மாக்கிரட் எழுதுவது. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நானும் மகள் அனிற்றாவும் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன். செப்ரெம்பர் 19, வியாழக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குத் தேத்தண்ணி குடித்தார். பாதிக் கோப்பை மிச்சம் வைத்தார். கோர்சோ துக்கோரி பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாராம். மரக்கறி வண்டிக்காரர் தண்ணீர் கொடுத்தார். அம்புலன்ஸ் வந்தபோது ஏழு இருபது. வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த பிறகும் அந்தச் சட்டையை முடித்துவிட்டுத்தான் போனேன். ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. "வரும் பிள்ளை, அது தன்ரை நேரத்துக்கு வரும்" என்று சுவாமி சொன்னார். வரட்டும். நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், பூசைக்குப் போகிறேன். ஒரு காரியமும் பிழைக்கவில்லை.

அண்ணா, இவருடைய படக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். உயிரோடு இருந்தபோது அந்தப் பெட்டியையோ கொப்பியையோ நான் தொடக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் இலக்கம் போட்டு, எந்தப் பத்திரிகை முத்திரை, எத்தனையாம் ஆண்டு, என்ன சோதனை செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் இலக்கத்துக்கு நேரே "ஏர்னஸ்ற்றுக்கு அனுப்பினது, மே 20" என்று இருக்கிறது. அதற்குக் கீழே வேறு மையில், "ஏன் ஒளிருது? ஏன்?" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார்.

நீங்கள் முடியாமல் போனது என்று எழுதியது இதுதானா? முறை, முறையில்லை என்று பார்க்கவேண்டாம். எனக்கு இப்போது எதைக் கேட்டாலும் ஒன்றும் செய்யாது. எழுதுங்கோ.

இப்படிக்கு
மாக்கிரட் அருளையா



ஸ்காபரோ
9.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டுவிட்டீர்கள், மறைத்தால் பாவம்.

பதினேழாம் இலக்கம் அருளின் பெட்டியிலேயே பெறுமதியான படம், ஏலத்தில் விற்றுத் தரச் சொல்லி எனக்கு அனுப்பியது. 1938 என்று பின்பக்கம் முத்திரை. ஆட்டக்காரன் மண்ணில் சறுக்கி விழுந்து, கையால் தளத்தைத் தொடுகிறான். நடுவர் இரண்டு கையையும் விரித்து, அவன் தப்பிவிட்டான் என்று காட்டுகிறார். புழுதி அப்படியே காற்றில் நிற்கிறது. படம் எடுத்த காலத்திலேயே மூல நெகட்டிவிலிருந்து போட்ட பிரதி என்றால் அதற்கு ஒரு மதிப்பு. பிற்காலத்தில் யாரோ மறுபடி போட்ட பிரதி என்றால் அது வெறும் கடதாசி. எங்கள் தொழில் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி புற ஊதாக் கதிர் ரோர்ச். 1950களுக்குப் பிறகுதான் படத்தாளில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தாளில் ரோர்ச் பிடித்தால் நீலமாக ஒளிரும். பழைய தாள் செத்த மீன் மாதிரி மங்கிக் கிடக்கும். அருள் அனுப்பிய படம் ஒளிர்ந்தது.

போன் எடுத்துக் கேட்டேன். "மச்சான், அது நல்ல படம். நான் பார்த்தனான்" என்றான். "அப்ப என்ரை ரோர்ச் பொய் சொல்லுதோ?" என்றேன். "உன்ரை ரோர்ச்சைத் தெரியாது. என்னைத் தெரியும்தானே உனக்கு?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சிநேகிதத்தை விலையாக வைத்துப் போலிப் படத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். படங்கள் சேர்ப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. எழுநூறு பேர். அதில் அவன் பெயரைப் போட்டு, பலெர்மோவிலிருந்து வரும் இந்த ஆளின் படங்களை நம்பவேண்டாம் என்று எழுதினேன். அவனிடம் முன்பு வாங்கிய மூன்று பேர் படங்களை அவனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பதினேழாம் இலக்கம் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

அது ஓகஸ்ற் மாதம். அதற்குப் பிறகு மூன்று தடவை போன் எடுத்தான். நான் எடுக்கவில்லை.

இதுதான் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஏர்னஸ்ற்



சேசு மரி சூசை துணை

பலெர்மோ
19.01.2025

ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திருநாட்கள் போயின. அனிற்றாவின் நிர்ப்பந்தத்துக்காக ஒரு பனெத்தோனே கேக் வாங்கினோம். அரைவாசி இன்னும் இருக்கிறது.

நீங்கள் எழுதியதை நாலு தடவை வாசித்தேன். திருப்பி அனுப்பிய மூன்று பொதியும் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. "என்ன இது?" என்று கேட்டேன். "விலாசம் பிழைச்சிட்டுது" என்றார். உங்களைப் பற்றிக் கேட்டபோது, "ஏர்னஸ்ற் பிசியாக்கும், வயசு போக வேலையும் கூடும்" என்றார். உங்களைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று தெரியவேண்டும், அண்ணா. இவர் ஏமாற்றினாரா, இல்லையா? செத்தவருக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன். யாருக்காகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும்.

இவருடைய ரோர்ச் அலுமாரி லாச்சிக்குள் இருந்தது. எப்படிப் பாவிப்பது என்று கொப்பியிலிருந்தே படித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பலாறோ சந்தை அடங்கும். அப்போது யன்னல் பலகைகளைச் சாத்தினால் அறை நல்ல இருட்டு. முதல் நாள் ரோர்ச்சைத் தட்டியதும் என் சட்டைக் கை நீலமாக எரிந்தது. பயந்து சிலுவை அடையாளம் போட்டேன். பிறகு பழகிவிட்டது.

பெட்டியில் 212 படங்கள். இலக்கப்படி ஒவ்வொன்றாக, முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். ஆறு மத்தியானம் எடுத்தது. ஒன்றுகூட ஒளிரவில்லை. பட்டியல் இத்துடன் இருக்கிறது. முத்திரையில் உள்ள ஆண்டையும் எழுதியிருக்கிறேன். தடி பிடிப்பவன், பந்து எறிபவன், முகத்துக்குக் கூடு போட்டவன் எல்லோரையும் இப்போது எனக்குத் தெரியும். அனிற்றா வந்து பார்த்துவிட்டு, "அம்மா, பஸ்தா, போதும். அப்பாவை விடுங்கோ" என்றாள். "நான் அவரைப் பிடிக்கேல்லை, படத்தைத்தான் பிடிச்சுப் பாக்கிறன்" என்றேன். அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

பதினேழுக்கு இவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "2024 பெப்ரவரி 11. ரோர்ச் பிடித்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் இருட்டு. நல்ல படம். பின்னால் கொஞ்சம் பூஞ்சணம். சுருண்டிருக்கு, நிமிர்த்த வேணும்."

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாக்கிரட்



ஸ்காபரோ
10.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பட்டியலைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எங்கள் ஏலக் கடையில் படித்த பெடியங்களுக்கு இந்த ஒழுங்கு இல்லை.

ஆனால் மனம் நோகாமல் கேளுங்கோ. கொப்பியில் யாரும் எதையும் எழுதலாம். தன் படத்துக்குத் தானே சாட்சி சொன்னால் எங்கள் தொழிலில் அது எடுபடாது. மற்ற 212 படமும் நல்லது என்கிறீர்கள். நான் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அவ்வளவு நல்ல படங்கள் கையில் இருக்க, எனக்கு மட்டும், அதுவும் எனக்கு, ஒரு போலியை ஏன் அனுப்பினான்? நல்லதை ஒளித்து வைத்துவிட்டு மறுபிரதியை அனுப்பியிருக்கலாம். இப்படிச் செய்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அவன் நல்லவன்தான். நல்லவர்களும் ஒரு நாள் வழுக்குவார்கள். நீங்கள் அவனுக்காகச் செபமாலை சொல்லுங்கோ. கடவுளுக்கு ரோர்ச் தேவையில்லை.

இதோடு விட்டுவிடுவோம், தங்கச்சி.

ஏர்னஸ்ற்



சேசு மரி சூசை துணை

பலெர்மோ
16.04.2025, பெரிய புதன்

ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

விட்டுவிடத்தான் இருந்தேன். இரண்டு மாதம் ரோர்ச்சைத் தொடவில்லை.

இங்கே பாஸ்காத் திருநாளுக்கு முன்பு கோவிலிலிருந்து சுவாமி வந்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். எங்கள் தெருவுக்குப் போன வெள்ளிக்கிழமை என்று கட்டிடக் கதவில் ஒட்டியிருந்தது. வியாழன் மத்தியானம் வீடு துடைத்தேன். வருசா வருசம் செய்கிற மாதிரிச் செய்தேன். வெள்ளைத் துணிகள் சலவைத் தூள் போட்டு ஊறின வாளிக்குள் ஒரு துணியை முக்கி இறுக்கிப் பிழிந்து, கதவு, மேசை, கதிரை, மாதா நிற்கிற பலகை எல்லாம். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான் துடைப்பா. அது கிருமியைக் கொல்லும், வாசமாகவும் இருக்கும்.

மேசைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

போன வருசமும் இதே வேலைதான் செய்தேன். மேசையில் ஒரு படம் கவிழ்த்து வைத்திருந்தது. சுருள் நிமிர நாலு மூலையிலும் நாலு தக்காளிச் சாறு போத்தல் வைத்திருந்தார். இவர் வேலைக்குப் போயிருந்தார். படத்தின் முதுகில் கருப்பாகப் பூஞ்சணம், பழைய பசை. சுவாமி வருகிற வீட்டில் மேசைமேல் ஊத்தை கிடக்கிறதே என்று அந்தத் துணியால் துடைத்துவிட்டேன். போத்தல்களை எடுக்கவில்லை. சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பூஞ்சணம் போய்விட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பின்னேரம் இவர் வந்து படத்தை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். ஒன்றும் கவனிக்கவில்லை. மே மாதம் உங்களுக்கு அனுப்பினார். திரும்பவும் ரோர்ச் பிடித்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்த படம்தானே.

வியாழக்கிழமை யன்னலைச் சாத்திவிட்டு அந்தத் துணிக்கு ரோர்ச் பிடித்தேன். நீலமாக எரிந்தது. பழைய தகரப் பேணியில் ஒட்டியிருந்த மங்கல் தாளை உரித்துப் பிடித்துப் பார்த்தேன், இருட்டு. அதை அதே துணியால் துடைத்து, காயவிட்டு, திரும்பப் பிடித்தேன். எரிந்தது. மூன்று தாளில் செய்து பார்த்தேன். மூன்றும் எரிந்தன.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்.

ஓகஸ்ற்றில் ஒரு நாள் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் குசினி வாசலில் வந்து நின்று கேட்டார்.

"மாக்கிரட், பெட்டிப் படம் ஒண்டை நீ எப்பவாவது தொட்டனியோ?"

"நானேன் உங்கடை சாமானைத் தொடுறன்?"

"இல்லை, கோவமில்லை. தொட்டிருந்தாச் சொல்லு."

"இல்லை எண்டு சொல்லுறன், பிறகும் என்ன கேள்வி?"

"சரி" என்று போய்விட்டார். ஏச்சு விழும் என்று பயந்து சொன்னேன். அவ்வளவுதான். துடைத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்காக உங்களுக்குள் சண்டை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது.

இப்போது நீங்கள் ஒன்று செய்யுங்கோ. பதினேழாம் இலக்கத்தை எடுங்கோ. பின்பக்கம் முழுக்க ரோர்ச் பிடியுங்கோ, நடுவில் மட்டும் அல்ல. ஒளிர்வது வட்ட வட்டமாகக் கை போன மாதிரி இருக்கும். நாலு மூலையிலும் போத்தல் அடி அளவுக்கு நாலு இருட்டு வட்டம் இருக்கவேண்டும். போத்தல் அடி ஏழரைச் சென்ரிமீற்றர், அளந்துவிட்டேன். நாலும் இருந்தால் அது நான். இல்லாவிட்டால் இவர் ஏமாற்றுக்காரர், அதையும் எழுதுங்கோ.

மாக்கிரட்



ஸ்காபரோ
6.05.2025

தங்கச்சி மாக்கிரட்டுக்கு,

நாலும் இருக்கிறது.

மூன்று முழுவட்டம். இடப்பக்கக் கீழ் மூலையில் அரைவட்டம், அந்தப் போத்தல் கொஞ்சம் வெளியே நின்றிருக்கிறது. அளந்தேன். ஏழரை. நடுவில் உங்கள் கை போன சுற்று அப்படியே தெரிகிறது. சலவைத் தூளிலும் அதே வெண்மை கூட்டும் இரசாயனம்தான். முன்பக்கம் இருட்டு. அது 1938 தான். நல்ல படம். அவன் சொன்ன மாதிரி.

அன்றைக்கு நான் முத்திரை உள்ள நடுப்பக்கத்தை மட்டும் பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும். முன்பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. முப்பது வருட அனுபவம், இதற்கு மேல் என்ன பார்க்கவேண்டும் என்ற நினைப்பு. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிலவறையில் கனநேரம் இருந்தேன். மனிசி வந்து, "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

தங்கச்சி, நீங்கள் உங்களை வருத்தாதேங்கோ. நீங்கள் வீடு துடைத்தீர்கள். ஒரு மனிசி தன் வீட்டைத் துடைப்பது குற்றமா? நான் ஒரு யோசனை சொல்கிறேன். படங்களைத் திருப்பி அனுப்பிய மூன்று பேருக்கும் நான் தனித்தனியே எழுதுகிறேன். இந்தப் படத்தை நல்ல விலைக்கு நானே விற்றுத் தருகிறேன், ஒரு சதம் எடுக்கமாட்டேன். குழுவில் பழைய கதையைக் கிளறவேண்டாம். ஒரு வருடம் ஆகப் போகிறது, ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அங்கே போய் நான் பிழை விட்டேன் என்று எழுதினால், நான் இதுவரை நல்லது என்றும் கெட்டது என்றும் சொன்ன ஒவ்வொரு படத்தையும் திரும்பத் தோண்டுவார்கள். ஏலக் கடைக்காரன் என்னை வைத்திருக்கமாட்டான். இந்த வயதில் எனக்கு இது ஒன்றுதான் பெயர்.

அருளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதாதா?

அண்ணா



சேசு மரி சூசை துணை

பலெர்மோ
8.06.2025

ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் எடுத்தது. கோபம் இல்லை. கோபப்படவும் ஒரு பெலன் வேண்டும்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன். சுவாமி மூன்று செபமாலை தண்டனை தந்தார். சொல்லி முடித்தேன். பிறகு உங்கள் விசயத்தை, பெயர் சொல்லாமல், கேட்டேன். "சுவாமி, ஒருத்தன்ரை பேரைச் சனத்துக்கு முன்னாலை கெடுத்தா, காதுக்குள்ளை மன்னிப்புக் கேட்டாக் காணுமோ?" அவர் சிரித்தார். "ஏன் பிள்ளை, களவெடுத்த காசைத் தெருவிலை எறிஞ்சிட்டு, பூசையிலை வந்து அழுதாக் காணுமோ? உடையவனிட்டைப் போகவேணும். பேரும் அப்பிடித்தான். கெடுத்த இடத்திலைதான் திருப்பிக் குடுக்கவேணும்."

எழுநூறு பேருக்கு முன்னால் சொன்னீர்கள், அண்ணா. எனக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதாது. எனக்குத் தெரிவது ஒரு கணக்கிலும் வராது, நான் அவருடைய மனிசி.

உங்கள் பெயர் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், போகலாம். நான் அதைச் சின்ன விசயம் என்று சொல்லவில்லை. இவருக்கும் ஒன்றுதான் இருந்தது. பதினொரு வருடம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, தூக்கி இருத்தி, அவர் மனம் ஒப்பித் தந்த பெட்டி அது. அதில் பொய் கலந்தவர் என்று எழுதப்பட்ட ஆளாகத்தான் பஸ் தரிப்பிடத்தில் விழுந்தார்.

விலை எனக்கு வேண்டாம். மூன்று பேருக்குத் தனியாக எழுதவும் வேண்டாம். எங்கே எழுதினீர்களோ அங்கே எழுதுங்கோ. நான் துடைத்ததையும், கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சேர்த்து எழுதுங்கோ. உங்கள் பிழை பாதி, என் பிழை பாதி. இவருடைய பங்கு ஒன்றுமில்லை.

எழுதாவிட்டாலும் நான் உங்களை ஒன்றும் செய்யமுடியாது. அது எனக்குத் தெரியும்.

மாக்கிரட்



ஸ்காபரோ
26.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டரை மாதம் பதில் போடாமல் இருந்தேன். எழுதிக் கிழித்தது ஆறு கடிதம்.

போன சனிக்கிழமை குழுவில் எழுதினேன். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், அனிற்றாவை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கோ. சாரம் இதுதான்: "2024 ஓகஸ்ற்றில் அருளையா அனுப்பிய படத்தைப் போலி என்று எழுதியிருந்தேன். நான் முழுப் படத்தையும் சோதிக்கவில்லை. பின்பக்கத்தில் பட்ட சலவைத் தூளால் ஒளிர்ந்தது. படம் 1938ஆம் ஆண்டின் மூலப் பிரதி. அருளையா நேர்மையான மனிதர். என் தீர்ப்புப் பிழை. அவர் 2024 செப்ரெம்பரில் காலமானார்." படத்தின் பின்பக்கத்தை ரோர்ச் வெளிச்சத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன். நாலு வட்டமும் தெரிகிறது.

நினைத்தது நடந்தது. இரண்டு பேர் பழைய படங்களைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏலக் கடைக்காரன், "ஏர்னஸ்ற், கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றான். அது என்ன ஓய்வு என்று எனக்குத் தெரியும். அருளிடம் முன்பு வாங்கிய ஒருவர் மட்டும், "அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கமுடியவில்லையே" என்று எழுதியிருந்தார். அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தது.

உங்கள் பெயரை நான் போடவில்லை. சலவைத் தூள் எப்படிப் பட்டது என்றும் எழுதவில்லை. புருசனை இழந்த ஒரு பெண்ணை முன்பின் தெரியாத எழுநூறு பேருக்கு முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. அதை மட்டும் எனக்கு விடுங்கோ.

படத்தை என்ன செய்ய? அனுப்பவா, விற்கவா? ஆண்டுப் பூசைக்கு வரலாமா என்றும் யோசித்தேன். உங்கள் முகத்தில் முழிக்கப் பயமாக இருக்கிறது. நான் போனை எடுக்கவில்லை, தங்கச்சி. மூன்று தடவை. அதற்கு நீங்கள் மன்னிப்பீர்களா?

ஏர்னஸ்ற்



சேசு மரி சூசை துணை

பலெர்மோ
21.09.2025

ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

கடிதமும் அச்செடுத்த தாளும் கிடைத்தன. அனிற்றா வாசித்தாள். "நேர்மையான மனிதர்" என்ற இடத்தில் நிறுத்தி, "திரும்ப வாசிக்கவோ?" என்று கேட்டாள். வாசி என்றேன். மூன்றாம் தடவை அவளால் முடியவில்லை. எனக்கு வழமைபோலத்தான் இருந்தது. உலை கொதித்தது, அரிசி போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆண்டுப் பூசை. நாற்பது பேர் வந்தார்கள். பற்றீசும் தேத்தண்ணியும் கொடுத்தோம். நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் ஒரு கதிரை இருந்தது.

உங்கள் வேலை போனதற்கு நான் வருத்தப்படவேண்டும். வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் உபசாரமாகப் போய்விடும், ஆகவே எழுதவில்லை. செய்தது சரி. நன்றி.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரமண்டல மந்திரத்தில் ஒவ்வொரு நாளும் அந்த வரியைச் சொல்கிறேன், உங்களை நினைத்துத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் இப்போது என்னிடம் இல்லை. வந்தால் எழுதுவேன்.

ஆனால் என்னை மறைத்தது சரியில்லை. அது உங்கள் நல்ல மனம், தெரியும். எப்படிப் பட்டது என்று எழுதாவிட்டால், யாரோ ஒருவர் நாளைக்கு, அருளையாதான் கவனமில்லாமல் ஏதோ பூசினார் என்று நினைப்பார். அந்த அளவுக்குக்கூட அவர்மேல் ஒன்றும் விழக்கூடாது.

படத்தை அனுப்பவேண்டாம். விற்றாலும் சரி, வைத்திருந்தாலும் சரி. அனிற்றாவுக்கு வேண்டாமாம். பழைய படத்தோடு அதன் கடதாசிகளும் சேர்ந்து போகவேண்டும் என்று இவர் கொப்பியில் எழுதியிருக்கிறார். கீழே எழுதுவதை வெட்டி எடுத்து அதோடு வையுங்கோ. குழுவிலும் போடுங்கோ. அங்கே உள்ளவர்களின் பாசைக்கு நீங்களே மாற்றுங்கோ, ஒரு சொல்லும் நல்லதாக்காமல்.

"பதினேழாம் இலக்கப் படத்தின் பின்பக்கத்தை 2024ஆம் ஆண்டு, பாஸ்காவுக்கு முன்பு, வீடு ஆசீர்வதிக்க வந்த கிழமை, சலவைத் தூள் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தவள் நான். என் கணவர் அருளையாவுக்கு அது தெரியாது. அவர் நல்ல படம் என்று அனுப்பினார், அது நல்ல படம். ஓகஸ்ற் மாதம் அவர் என்னிடம், நீ தொட்டனியோ என்று கேட்டார். ஓம். நான்தான் தொட்டனான்.

அந்தோனிப்பிள்ளை மாக்கிரட் அருளையா
அல்பெர்கேரியா, பலெர்மோ"